‘பாதுகாப்பான இடம்’ எது என்று அவர்களைக் கேட்டீர்களா?

கேள்வி: அகதிகளுக்கு உதவும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். உளவியல் படித்தவள் அல்ல. திட்டங்களை ஒருங்கிணைப்பதுதான் என் வேலை. ஆங்கிலத்தில் நல்ல பெயர் வாங்கிய ஆறு வார இணையவழி மனநலச் சுயஉதவித் திட்டம் ஒன்றை அரபு, தாரி, திக்ரிஞா மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிட்டோம். படங்களில் இருப்பவர்களின் உடைகளையும் பெயர்களையும் மாற்றினோம். பலர் பதிவு செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் இரண்டாம் வாரத்தைத் தாண்டுவதில்லை. ‘அவர்கள் கலாச்சாரத்தில் மனநல ஆலோசனை என்பதே கிடையாது, அதனால்தான்’ என்கிறார்கள் என்னுடன் பணிபுரிபவர்கள். எனக்கு அது சரியென்று படவில்லை. இன்னும் எதை மாற்ற வேண்டும்? செலவைக் குறைக்க, மனித உதவியாளர்களுக்குப் பதிலாக உரையாடும் மென்பொருளை வைக்கலாமா என்றும் மேலிடத்தில் கேட்கிறார்கள். நடு இரவில் யாராவது ‘சாகத் தோன்றுகிறது’ என்று எழுதிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் சந்தேகம் நியாயமானது. ‘அவர்கள் கலாச்சாரத்தில் அது கிடையாது’ என்ற பேச்சை இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுவருகிறேன். பெரும்பாலும், மேற்கொண்டு தேட மனமில்லாதவர்கள் சொல்லும் சாக்கு அது. மனநல உதவி என்ற எண்ணமே இல்லாதவர்கள் எதற்காகப் பெயர் கொடுக்க வேண்டும், முதல் வாரத்தை முடித்துவிட்டு இரண்டாம் வாரத்தின் வாசல்வரை வரவேண்டும்? வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது எது என்று பாருங்கள். விடையில் பாதி உங்கள் கணினியிலேயே இருக்கிறது: எந்தத் திரையோடு நிறுத்தினார்கள்? மீதிப் பாதிக்கு, அவர்களில் சிலரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு திரையையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, இது உங்களுக்கு என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும்.

அப்படி ஒரு சோதனை அமர்வில் நான் இருந்திருக்கிறேன். எதிரில் நடுவயதுப் பெண்மணி ஒருவர்; அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். திரையில் வந்தது எல்லாக் கையேடுகளிலும் இருக்கும் பயிற்சிதான். ‘கண்களை மூடிக்கொள்ளுங்கள். நீங்கள் பாதுகாப்பாக உணரும் ஓர் இடத்தை மனதுக்குள் கொண்டுவாருங்கள். அது நீங்கள் பிறந்து வளர்ந்த வீடாகவும் இருக்கலாம்.’ அவர் கண்களை மூடினார். மூன்று நொடி ஆகியிருக்காது, திறந்துவிட்டார். கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது என்று எங்கள் மனம் கோணாமல் சொன்னார். சற்று நேரம் கழித்து, மேசையின் விளிம்பை விரலால் தடவியபடியே, ‘அந்த வீட்டின் கூரை விழுந்ததை நான் பார்த்தேன்’ என்றார்.

மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இல்லை. பயிற்சியை எழுதியவருக்குப் பிறந்த வீடு இன்னும் நிற்கிறது, இவருக்கு இல்லை. போதாததற்கு, இரவெல்லாம் சத்தத்துக்குக் காது கொடுத்தே பழகியவரிடம் கண்ணை மூடச் சொல்கிறோம். அந்தத் திரையை எடுத்துவிட்டு, கண் திறந்தபடியே செய்யக்கூடியவற்றை வைத்தோம். பாதங்கள் தரையில் பதிந்திருப்பதைக் கவனிப்பது, அறையில் தெரியும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லிப் பார்ப்பது, ஒரு துணியை எடுத்து மெதுவாக மடிப்பது. துணி மடிப்பது அந்தப் பெண்மணியின் யோசனை. கையில் ஏதாவது வேலை இருந்தால் தலை கொஞ்சம் சும்மா இருக்கும் என்றார். உங்கள் இரண்டாம் வாரத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே இப்படி ஒரு ‘பாதுகாப்பான இடம்’ இருந்தால் எனக்கு வியப்பாக இராது.

உடையையும் பெயரையும் மாற்றியது வேண்டிய வேலைதான். ஆனால் அது வெளிப்பூச்சு. போர்ட்டோ ரிக்கோவின் உளவியலாளர் கியெர்மோ பெர்னாலும் அவர் குழுவினரும் 1995-இல் ஒரு பட்டியல் போட்டார்கள். ஒரு சமூகத்தில் உருவான சிகிச்சையை இன்னொரு சமூகத்துக்குக் கொண்டுபோகும்போது பார்க்க வேண்டியவை எட்டு: மொழி, ஆட்கள், உருவகங்கள், உள்ளடக்கம், கருத்துகள், இலக்குகள், முறைகள், சூழல். நீங்கள் தொட்டிருப்பது முதலாவதையும் இரண்டாவதில் ஒரு துண்டையும். எட்டையும் இங்கே விரிக்கப்போவதில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்தால், மொழியில் பாதிவழியில் நின்றிருக்கிறீர்கள், சூழலைப் பார்க்கவே இல்லை என்று தோன்றுகிறது.

மொழியில் என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். நம் தமிழையே எடுத்துக்கொள்வோம். தேர்வுக்கு முந்தின நாள் படபடப்புக்கும் ‘மன அழுத்தம்’ என்கிறோம். மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பவரின் நோய்க்கும் ‘மன அழுத்தம்’ என்றே எழுதுகிறோம். ஒரு கேள்வித்தாளில் அந்தச் சொல் இருந்தால் இரண்டு பேரும் ‘ஆம்’ என்று குறித்துவிடுவார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ‘வயிறு எரிகிறது’ என்கிறாள். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் அவளுக்கு வயிற்றுக்கோளாறு மாத்திரைதான் கிடைக்கும். உங்கள் பயனாளர்களிடமும் துன்பத்தைச் சொல்ல இப்படிப் புழங்கிப் பழகிய சொற்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்காமல், நோயின் பெயருக்கு அகராதி தரும் சொல்லைப் போட்டால், அது ‘பைத்தியம்’ என்ற பொருளுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் சொல்லாக அமைந்துவிடலாம். அந்த நொடியே ஆள் வெளியேறிவிடுவார்.

ஜிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுபவர்கள் ‘குஃபுங்கிசிசா’ என்பார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய ‘நட்பு இருக்கை’ திட்டம் அந்தச் சொல்லையே கையில் எடுத்துக்கொண்டது. பயிற்சி பெற்ற பாட்டிமார் சுகாதார நிலையத்தின் மர இருக்கையில் உட்கார்ந்து, வந்தவர்களின் பாரத்தைக் கேட்டு, ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுத்து வழி தேட உதவினார்கள். 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்கள் தெளிவாகத் தேறியிருந்தார்கள். அது அகதிகளுக்கான திட்டம் அல்ல, இணையவழியும் அல்ல. ஆனாலும் ‘உங்களுக்கு இன்ன நோய்’ என்று யாரும் ஆரம்பிக்காமல், மக்கள் வாயில் இருந்த சொல்லிலிருந்து ஆரம்பித்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சில சொற்களுக்குப் பின்னால் உடலைப் பற்றிய ஒரு முழு நம்பிக்கையே இருக்கும். கம்போடிய அகதிகள் பலருக்கு ‘கியால்’ மேல் பயம். சொல்லின் பொருள் காற்று. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், உடலுக்குள் காற்று மேலே ஏறுகிறது, நெஞ்சை அடைக்கும், கழுத்து நரம்பைத் தெறிக்கவைக்கும் என்று நடுங்குவார்கள். 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டிலேயே இது இடம்பெற்றிருக்கிறது. இவர்களிடம் போய் ‘மூச்சைக் கவனியுங்கள், கழுத்தைச் சுழற்றுங்கள்’ என்றால் பயிற்சியே பீதியைக் கிளப்பிவிடும். அமெரிக்க மனநல மருத்துவர் டெவன் ஹின்டன் இவர்களுக்காகச் சிகிச்சையை மாற்றி அமைத்தபோது கழுத்துப் பயிற்சியைக் கைவிடவில்லை. தண்டின் நுனியில் ஒரு தாமரை, காற்று வீசும் பக்கமெல்லாம் அசைந்து சுழல்வதை மனதில் பார்த்தபடியே கழுத்தைச் சுழற்றச் சொன்னார். பயமுறுத்திய காற்று அந்தப் படத்திலும் இருக்கிறது; தண்டு மட்டும் ஒடியவில்லை. உருவகம் என்று பெர்னால் குழு குறிப்பிட்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

இந்தச் சொற்களை எப்படிச் சேகரிப்பது? மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் நோயாளிகளிடம் கேட்கச் சொன்ன கேள்விகள் இன்றும் போதுமானவை. உங்களுக்கு வந்திருப்பதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள்? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? இதில் உங்களுக்கு மிகவும் பயம் எது? நான்கைந்து பேரிடம் கேட்டாலே உங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் தலையைச் சொறிந்துகொள்ளும் அளவுக்குச் சொற்கள் கிடைக்கும். அடுத்து, நேபாளத்தில் இருந்த பூட்டானிய அகதிகளுக்கான கேள்வித்தாள்களைச் சரிபார்க்கப் பயன்படுத்திய ஒரு முறை 1999-இல் வெளிவந்தது. அதை நான் இன்றும் அப்படியே பின்பற்றுகிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே கட்டங்கள். புரிகிறதா? பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறதா? இவர்கள் வாழ்க்கைக்குப் பொருந்துகிறதா? மறுபடி மூலமொழிக்குத் திருப்பினால் அதே பொருள் வருகிறதா? கடைசிக் கேள்வியோடு மட்டும் நிறுத்திக்கொள்வதுதான் பெரும்பாலான மொழிபெயர்ப்புகளுக்கு நேர்வது. உங்களுடையதற்கும் அதுவே நேர்ந்திருக்கும்.

திக்ரிஞா என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அது எரித்ரியாவிலும் பேசப்படுகிறது, எத்தியோப்பியாவின் திக்ராய் பகுதியிலும் பேசப்படுகிறது. 2020 நவம்பரில் தொடங்கிய திக்ராய் போரில் எரித்ரியப் படைகள் எத்தியோப்பிய அரசின் பக்கம் நின்று திக்ராயில் போரிட்டன. அங்கிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணின் காதில், உங்கள் ஒலிப்பதிவில் வரும் கனிவான குரல் எரித்ரிய உச்சரிப்பில் விழுந்தால் அவளுக்கு யார் நினைவு வரும்? எரித்ரிய அரசிடமிருந்தே தப்பி ஓடிவந்த எரித்ரியருக்கோ வேறொரு பயம்: இந்தக் குரலுக்கு உரியவர் யாருடைய ஆள்? மொழி ஒன்றுதான், அதைப் பேசும் இருவர் ஒருவரையொருவர் கண்டு அஞ்சக்கூடும். அரபும் அப்படித்தான். எழுத்து அரபு யாருக்கும் தாய்மொழி அல்ல. சிரியரின் பேச்சும் சூடானியரின் பேச்சும் வெகுதூரம் விலகியவை. ‘அரபு மொழிப் பதிப்பு’ என்று ஒன்று போதும் என்று நினைப்பது காகிதத்தில் மட்டும் சரியாக வரும் கணக்கு.

இனி சூழலுக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் கலாச்சாரம் என்று சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கைப்பேசி யாருடையது? ஒரு குடும்பத்துக்கு ஒரே கைப்பேசி என்றால், கணவருக்கோ வளர்ந்த மகனுக்கோ தெரியாமல் ஒரு பெண் எதையும் எழுத முடியாது. ‘இந்த வாரம் உங்களை வருத்தியது எது?’ என்ற கேள்விக்கு விடையே அவர்களாக இருக்கலாம். நான்கு பேர் படுக்கும் அறையில் காதொலிப்பான் இல்லாமல் ஒலிப்பதிவைக் கேட்க முடியாது. ‘தினமும் இருபது நிமிடம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள்’ என்ற வாக்கியம், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வைத்திருப்பவர் எழுதியது. செயலியின் பெயரும் படமும் திரையிலேயே ‘மனநலம்’ என்று கூவிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவார். வெளித்தெரியாத பெயர் வையுங்கள். ஒரே தொடுதலில் மூடிவிட்டு வேறு பக்கத்துக்குப் போகும் பொத்தான் வையுங்கள். எழுதியதைக் கைப்பேசியில் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இணைப்பு வேண்டாதபடி ஒலிப்பதிவுகளைச் சிறிய கோப்புகளாகத் தரவிறக்க விடுங்கள்.

அடுத்தது இதைவிடக் கனமானது. பதிவுப் படிவத்தில் உண்மையான பெயர், பிறந்த தேதி, எந்த நாட்டிலிருந்து, எந்த ஆண்டு வந்தீர்கள் என்று கேட்கிறீர்களா? புகலிட அதிகாரியும் அதே கேள்விகளைத்தான் கேட்டார். நேர்காணலில் சொன்னதற்கும் உங்களிடம் எழுதியதற்கும் ஒரு தேதி முன்பின் ஆனால் கோரிக்கை தள்ளுபடி ஆகிவிடுமோ என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. வீண் பயம் என்று ஒதுக்கவும் முடியாது. ஜெர்மனியில் 2017-இல் வந்த சட்டம், அடையாள ஆவணம் காட்டமுடியாத புகலிடக் கோரிக்கையாளர்களின் கைப்பேசித் தரவுகளை அதிகாரிகள் எடுத்துப் பார்க்க இடம் கொடுத்தது. வேறு எளிய வழி இருக்கிறதா என்று பாராமல் எடுத்த எடுப்பில் அப்படிச் செய்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று அந்நாட்டின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2023 பிப்ரவரியில்தான் சொன்னது. நடுவில் ஐந்தாண்டுகளுக்கும் மேல். இந்தச் செய்தி முகாம்களில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று எண்ணிப்பாருங்கள். உங்களுக்குத் தேவைப்படாத எதையும் கேட்காதீர்கள். புனைபெயர் போதும். எழுதியதை யார் படிப்பார்கள், எத்தனை நாளில் அழிப்பீர்கள், குடிவரவு அலுவலகத்துக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை என்பதையெல்லாம் சட்ட நடையில் பத்துப் பக்கமாக வைக்காமல் நான்கு வாக்கியத்தில், முடிந்தால் குரலில், சொல்லுங்கள். ஒன்று மட்டும்: தொடர்பில்லை என்று எழுதும் முன், உங்களுக்கு நிதி தருபவர்களுக்கு என்னென்ன அறிக்கை அனுப்புகிறீர்கள் என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாசிக்க முடியாதவர் வெட்கப்பட்டு அதைச் சொல்லமாட்டார். பேசாமல் விலகிவிடுவார், உங்கள் கணக்கில் ‘ஆர்வமில்லாதவர்’ ஆகிவிடுவார். ரோஹிங்கியா மொழிக்கான ஹனிஃபி எழுத்துமுறை, கணினிகளுக்கான பொது எழுத்துத் தரமான யூனிகோடில் சேர்ந்ததே 2018-இல்தான். அதைப் பேசுபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எழுத்துவழி எதுவும் எட்டாது. உகாண்டாவின் ரைனோ முகாமில் தென் சூடான் அகதிப் பெண்களுக்காக உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு திட்டத்தைச் சோதித்தார்கள். பாடம் முழுவதும் ஜூபா அரபில் ஒலிப்பதிவு. கையில் ஏறக்குறைய படங்களால் மட்டுமே ஆன ஒரு புத்தகம். முப்பது பேர்வரை சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம், ஐந்து அமர்வுகள். நடத்தியவர்கள் உளவியலாளர்கள் அல்லர், குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். 694 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகும் மனத்துயர் குறைந்திருந்தது. உங்கள் திட்டத்தில் ஒரு திரைக்கு எத்தனை வரிகள் இருக்கின்றன?

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். உங்கள் பயனாளர்களில் பலருக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் நடந்து முடிந்த போர் மட்டும் அல்ல, இன்னும் வராத ஒரு கடிதம். ஆஸ்திரேலியாவில் மண்டேயர் என்னும் சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த அகதிகளிடம் செய்து 2006-இல் வெளியான ஆய்வில், தற்காலிக விசாவில் இருந்தவர்களும் நீண்ட நாள் தடுப்புக்காவலில் இருந்தவர்களும் மற்றவர்களைவிட மோசமான மனநிலையில் இருந்தார்கள். காகிதம் கிடைக்கும்வரை காலடியில் தரை இல்லை. இப்படிப்பட்டவரிடம் ‘எண்ணத்தை மாற்றுங்கள், உணர்வு மாறும்’ என்று தொடங்கினால் அவமதிப்பாகத்தான் தெரியும். அவர் எண்ணத்தில் கோளாறு இல்லை, நிலைமை அப்படி. ஆகவே திட்டத்தின் வரிசையை மாற்றச் சொல்வேன். முதல் வாரத்திலேயே நடைமுறைச் சிக்கல்களைப் பற்றிய பகுதி வரட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் சிக்கல் மேலாண்மைத் திட்டத்தில் சிக்கல்களை மூன்றாகப் பிரிக்கச் சொல்வார்கள்: தீர்க்கக்கூடியவை, தீர்க்க முடியாதவை, பெரிதுபடுத்த வேண்டாதவை. விசா தாமதம் இரண்டாவதில் போகும். மருத்துவரிடம் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது முதலாவதில் வரும். சட்ட உதவி எங்கே கிடைக்கும், குடும்பத்தாரைத் தேட செஞ்சிலுவைச் சங்கத்தை எப்படி அணுகுவது என்ற இரண்டு பக்கங்கள் உங்கள் மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் இருந்தால், மூச்சுப் பயிற்சிக்கும் ஆட்கள் இருப்பார்கள். இது உளவியல் இல்லையே என்று யாராவது முனகுவார்கள். முனகட்டும்.

உரையாடும் மென்பொருளைப் பற்றி மேலிடம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். லெபனானில் உலக சுகாதார நிறுவனம் ‘படிப்படியாக’ என்ற இணையவழித் திட்டத்தைச் சிரிய அகதிகளுக்காக மாற்றி அமைத்தது. ஒரு கதைமாந்தர் தன் சோர்வான காலத்தைச் சொல்லிக்கொண்டே போவார், ஐந்து பகுதிகள். அதோடு வாரத்துக்குச் சுமார் 15 நிமிடம், பயிற்சி பெற்ற ஓர் உதவியாளர் தொலைபேசியிலோ செய்தியிலோ பேசுவார். 569 சிரியர்கள் கலந்துகொண்ட ஆய்வு 2022-இல் வெளிவந்தது, மனச்சோர்வு குறைந்தது. இடையில் விலகியவர்கள் அங்கேயும் ஏராளம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், நீங்கள் தனியாக இல்லை. ஜெர்மனியில் சிரிய அகதிகளுக்காக உருவான ‘சனதக்’ என்ற செயலியில் ஆள் துணை இல்லை, சுயஉதவி மட்டும். 133 பேரிடம் செய்து 2021-இல் வெளியான ஆய்வில், மனவடுவின் அறிகுறிகளைக் குறைப்பதில் அது வெறும் தகவல் ஏட்டை விஞ்சவில்லை. தன்னைத்தானே இழிவாக எண்ணும் போக்கு மட்டும் குறைந்தது. முதல் ஆய்வு பார்த்தது மனச்சோர்வை, இரண்டாவது பார்த்தது மனவடுவை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பணம் குறைவாக இருந்தால் எதை வெட்டுவது என்று என்னைக் கேட்டால், பகுதிகளின் எண்ணிக்கையை வெட்டுவேன். அந்த 15 நிமிடத்தைத் தொடமாட்டேன்.

மென்பொருளின் காதுக்கு எட்டாத விஷயம் ஒன்று உண்டு. சிரியாவிலும் லெபனானிலும் குழந்தையைக் கொஞ்சும்போது ‘துக்பர்னி’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நீ என்னைப் புதைக்க வேண்டும்’. நீயில்லாத உலகில் நான் இருக்கக்கூடாது என்னும் அளவுக்கு அன்பு. ஆபத்தான சொற்களைத் தேடும் மென்பொருள் இதற்கு மணி அடிக்கும். அதே ஆள் இன்னொரு நாள் ‘என் மனம் களைத்துவிட்டது’ என்று எழுதுவார். நல்ல தூக்கத்துக்கான குறிப்புகளை அது பட்டியலிடும். அந்தக் களைப்பு எந்தக் களைப்பு என்று கேட்க, அதே பேச்சில் வளர்ந்த ஒருவர் வேண்டும். நினைவூட்டல் அனுப்ப, நேரம் குறிக்க, மொழிபெயர்ப்பின் முதல் வரைவு போட மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் வேண்டாம். உதவியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, அதே ஊர்க்காரர் வேண்டுமா, வேண்டவே வேண்டாமா என்று பயனாளரையே கேளுங்கள். சிலருக்குச் சொந்த ஊர்க்காரர் என்றால் ஆறுதல். சிலருக்கு, சொன்னது மறுநாளே உறவினர் காதுக்குப் போய்விடும் என்ற பயம். ஆணா, பெண்ணா என்பதும் அப்படியே. இந்த உதவியாளர்களில் பலரும் அகதிகளாக வந்தவர்களாகவே இருப்பார்கள், அவர்களுக்கும் காயங்கள் உண்டு. வாரம் ஒருமுறை அவர்கள் பேசுவதைக் கேட்க ஓர் உளவியலாளருக்குச் சம்பளம் ஒதுக்கவில்லை என்றால், ஓராண்டுக்குள் உதவியாளர்களை இழப்பீர்கள்.

கடைசியாக அந்த நடு இரவுச் செய்தி. உங்கள் பயம் நல்ல பயம். அது இல்லாதவர்கள் இத்திட்டங்களை நடத்தக்கூடாது. முதலில், 24 மணி நேரமும் யாரோ இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தராதீர்கள். எந்த நாள், எந்த நேரம் ஆள் இருப்பார் என்பது எழுதும் பெட்டிக்கு மேலேயே தெரிய வேண்டும். மற்ற நேரத்தில் எழுதினால், நீங்கள் இருக்கும் நாட்டின் அவசர எண்ணும், மொழிபெயர்ப்பாளர் வசதியுள்ள உதவி எண்ணும் அந்த மொழியிலேயே உடனே வரவேண்டும். அந்த எண்ணை அழைத்தால் காவல்துறை வருமா என்பதையும் சொல்லுங்கள். பலர் அழைக்காமல் இருப்பது அந்தப் பயத்தால்தான். இரண்டாவது, உதவியாளர்கள் சுற்றி வளைக்காமல் கேட்கப் பழக வேண்டும்: ‘உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறீர்களா?’ அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்பது பரவலான அச்சம். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. தற்கொலையைப் பாவமாகக் கருதும் மரபிலிருந்து வருபவர் நேராக ‘ஆம்’ என்று சொல்லாமல் ‘கடவுள் என்னை எடுத்துக்கொண்டால் நல்லது’ என்பார். அதையும் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆம்’ எந்த வடிவில் வந்தாலும், எப்படிச் செய்வதாக நினைத்தீர்கள், எப்போது, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்டு, உடனே பொறுப்பு உளவியலாளரை அழைக்க வேண்டும். யாரை, எந்த எண்ணில், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாரை என்று ஒரு தாளில் எழுதி, உங்களையும் சேர்த்து எல்லோர் கையிலும் இருக்கட்டும். மூன்றாவது, இப்படி ஒரு நிலை வந்தால் எந்த எண்ணில் கூப்பிடலாம், கூப்பிடும்போது யார் எடுத்தால் பேசாமல் வைத்துவிட வேண்டும் என்பதைப் பதிவின்போதே கேட்டு வாங்குங்கள். பெயர் வேண்டாம், இந்த ஒன்று மட்டும் வேண்டும்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. ஒரு மொழியை மட்டும் எடுங்கள், உங்களுக்கு ஆட்கள் அதிகம் கிடைக்கும் மொழியாக இருக்கட்டும். இரண்டாம் வாரத்தைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். முதல் திரையில் இப்போது ‘மகிழ்ச்சியை நோக்கிய உங்கள் பயணத்துக்கு வரவேற்கிறோம்’ என்பதுபோல் ஏதாவது இருக்கும். ‘பயணம்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். கடலையும் எல்லைகளையும் கடந்து வந்தவர்களிடம் பேசுகிறீர்கள். அந்த இடத்தில் இப்படித் தொடங்கலாம்: ‘உங்கள் உண்மைப் பெயர் எங்களுக்கு வேண்டாம். நீங்கள் எழுதுவது உங்கள் புகலிட வழக்குக்குப் போகாது. எங்களால் விசா வாங்கித்தர முடியாது. தூக்கம், கோபம், அதிக யோசனை, தனிமை இவற்றில் எது உங்களை இப்போது அதிகம் வாட்டுகிறது?’ இந்த நான்கு வரிகளை அந்த மொழி பேசும் நான்கு பேரிடம் வாசித்துக் காட்டி, நான்காவது வரியில் அவர்கள் சொல்லும் சொற்களால் என் சொற்களை மாற்றிவிடுங்கள்.